‘கிடைமட்ட வடம்’ வேண்டாம்: தலைவடம், கிளைவடம் என்று ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

பிணைய வடமிடல் (network cabling) கலைச்சொல் பட்டியலில் ‘backbone cable’, ‘horizontal cable’ என்பவற்றுக்கு ‘முதுகெலும்பு வடம்’, ‘கிடைமட்ட வடம்’ என்ற இணையை உறுதி செய்துவிடலாம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். நான் தடை சொல்கிறேன். இவை அலுவலக மாடிக்கட்டடத்தைப் பார்த்துப் பிறந்த பெயர்கள். மாடி விட்டு மாடி ஏறும் வடம் அங்கே செங்குத்தாக நிற்கும்; மாடிக்குள் மேசைகளுக்குப் பிரிந்து செல்வது கிடையாக ஓடும். பெரிய விளையாட்டரங்கத்துக்குள் இதே பெயர்களோடு நுழைந்தால் திசை தலைகீழாகிறது.

முறுக்கிணை (twisted pair) செம்பு வடத்துக்கு, கணினிப் பிணையத் தரமான ஈதர்நெட் தரும் எல்லை 100 மீட்டர். அதில் நிலையாகப் பதிக்கும் பகுதி 90 மீட்டருக்குள் அடங்க வேண்டும். மீதி இரு முனைகளிலும் செருகும் சிறு வடங்களுக்கு. பன்னாட்டுக் கால்பந்துத் திடலின் வழக்கமான நீளமே 105 மீட்டர். புல்வெளியின் நீளப் பக்கத்தைக்கூடச் செம்பால் கடக்க முடியாது என்றால், அதைச் சுற்றி எழும் இருக்கை அடுக்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனவே அரங்கைச் சுற்றிலும், பிணையக் கருவிகள் வைக்கும் சிறு சாதன அறைகளை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒளியிழை கொண்டுவருகிறார்கள். அந்த ஒளியிழை, நடைகூடத்தின் கூரையடியில், அரங்கை வளைத்துக்கொண்டு பெரும்பாலும் கிடையாகவே போகிறது. அறையிலிருந்து புறப்படும் செம்பு வடமோ ஏறுகிறது, சரிகிறது, கான்கிரீட்டைத் துளைக்கிறது.

இருக்கைக்கு அடியில் இருக்கும் வைஃபை அணுகுமுனையை (access point) எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் சாண்டா கிளாராவில் திறக்கப்பட்ட லீவைஸ் அரங்கம் இந்த முறையைப் பரவலாகக் கையாண்டது. மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் கூட்டமே அலையை விழுங்கிவிடும். அந்தக் குறையையே பயனாக்கி, ஒவ்வோர் அணுகுமுனையின் வீச்சும் சில வரிசைகளுக்குள் அடங்கும்படி செய்கிறார்கள். அதற்கான வடம் கீழ்த்தளக் கூரையிலிருந்து படிக்கட்டுத் தளத்தின் துளை வழியே மேலே வந்து, நீர்புகாப் பெட்டிக்குள் முடிகிறது. ஆட்டம் முடிந்ததும் இருக்கை வரிசைகளைக் குழாய்நீரைப் பீய்ச்சிக் கழுவுவார்கள்; துளையின் அடைப்பு சரியில்லை என்றால் தண்ணீர் வடத்தோடு சேர்ந்து கீழே இறங்கும். இப்படி நெட்டுக்குத்தாக நிற்கும் ஒன்றைக் ‘கிடைமட்ட வடம்’ என்று எழுதினால், வரைபடம் படிக்கும் மேற்பார்வையாளர் சிரிப்பார், அல்லது குழம்புவார்.

இந்தச் சிக்கல் ஆங்கிலத்துக்கும் உண்டு. அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தொழில் சங்கத்தின் வடமிடல் தரமான டிஐஏ-568 வரிசையின் பொதுத்தரம் 2009இல் திசைப் பெயர்களை விட்டு, ‘வடத் துணையமைப்பு 1, 2, 3’ என்று எண்களுக்கு நகர்ந்தது. பொருத்தம்தான், ஆனால் எண் எதையும் சொல்வதில்லை. அவர்கள் பொதுத்தரத்தில் கைவிட்டதை நாம் இப்போது எடுத்துத் தலையில் சூட்டிக்கொள்ள வேண்டுமா?

‘முதுகெலும்பு’ மீதும் எனக்கு மனமில்லை. அது ஒற்றை, நேரானது. அரங்கத்தில் ஒரு சாதன அறைக்கு வலப்புறமாக ஒரு வடமும் இடப்புறமாக ஒரு வடமும் வந்து, இரண்டு வெவ்வேறு மைய அறைகளில் முடிவது நல்ல வழக்கம். கட்டுமான வேலையில் ஒரு பக்கம் அறுபட்டாலும் மறுபக்கம் தாங்கும். வளையமாகப் போகும் முதுகெலும்பை யாரும் பார்த்ததில்லை. ‘தண்டுவடம்’ என்ற மாற்று செவிக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் மருத்துவம் அதை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. “தண்டுவடம் அறுந்தது” என்று பராமரிப்பு அறிக்கையில் எழுதினால் ஆம்புலன்ஸ்தான் வரும்.

பொருளை வைத்துப் பெயரிடலாம், அதாவது ‘இழைவடம்’, ‘செம்புவடம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இதற்கும் அரங்கமே பதில் சொல்லும். ஒளிபரப்புக் கேமரா நிற்கும் இடத்துக்குப் போகும் கலப்புவடத்தில் இரண்டு ஒற்றைமுறை (single-mode) ஒளியிழைகளும், மின்சாரத்துக்கும் கட்டுப்பாட்டுக்குமான செம்புக் கம்பிகளும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அட்லாண்டாவில் 2017இல் திறக்கப்பட்ட மெர்சிடிஸ்-பென்ஸ் அரங்கம் போன்ற இடங்களில் இடையில் மின்சாரமே தேவைப்படாத ஒளிபிரிப்பியை (optical splitter) வைத்து, பயனர் முனைக்கு மிக அருகில் வரை ஒளியிழையையே கொண்டுபோகிறார்கள். அங்கே இரண்டு நிலைகளும் இழைதான்.

ஆக, திசை, வடிவம், பொருள் மூன்றும் நிற்கவில்லை. நிற்பது படிநிலை. நீர்ப்பாசனத்தில் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது: தலைவாய்க்கால், கிளைவாய்க்கால், கடைமடை. தலைவாய்க்கால் எந்தத் திசையில் ஓடினாலும், மண்கரையானாலும் கல்கரையானாலும் தலைவாய்க்கால்தான். அதே முறையில்:

தலைவடம்: மைய அறையைச் சாதன அறைகளோடு சேர்ப்பது.
கிளைவடம்: சாதன அறையிலிருந்து முனைக்குப் போவது.
பகிர்வறை: இரண்டும் சந்திக்கும் சாதன அறை.

‘தொலைத்தொடர்பு அறை’ என்பதைவிடப் ‘பகிர்வறை’ குறுகியது. தொலைபேசி நிலையத்தை நினைவூட்டாமலும் இருக்கிறது. ‘கடைமடை’யையும் முனைக்குப் பெயராக வைக்க ஆசைதான். ஆனால் தண்ணீர் எட்டாத வயல் என்ற ஏக்கம் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது; ‘முனை’யே போதும்.

நடைமுறையில் ஒரு வசதியும் உண்டு. வடத்தின் இரு முனைகளிலும் ஒட்டும் அடையாளச் சீட்டில் இடம் மிகக் குறைவு. ‘த-07’, ‘கி-112’ என்றால் ஏணியில் நிற்பவருக்குப் போதும். ‘கிடை’, ‘கிளை’ இரண்டும் கி-யில் தொடங்குவதால் பழைய ‘கி’ சீட்டுகளை மாற்ற வேண்டியதில்லை.

ஒரு மறுப்பு வரும்: ‘தலை’ என்றால் வடத்தின் நுனி என்று படிக்க மாட்டார்களா? தலைநகரத்தை யாரும் நகரத்தின் நுனி என்று படிப்பதில்லை. சேர்த்து எழுதினால் சிக்கல் இல்லை. பிரித்து எழுதினால்தான் வரும். பட்டியலில் ஒரே சொல்லாகவே அச்சிட வேண்டும்.

இன்னும் முடியாதது ‘பேட்ச் பேனல்’, அதாவது வடங்கள் வந்து முடியும், சிறு வடங்களைச் செருகும் பலகை. வரைவில் ‘ஒட்டுப்பலகை’ என்று இருக்கிறது. மரக்கடையில் அது வேறு பொருள், தயவுசெய்து நீக்குங்கள். ‘செருகுபலகை’, அதில் செருகும் சிறு வடத்துக்குச் ‘செருகுவடம்’ என்று வைத்திருக்கிறேன். வேலைத்தளத்தில் இருப்பவர்கள் இதை ஏற்பார்களா என்பதை அடுத்த திருத்தத்துக்கு முன் எழுதுங்கள்.