தனியாகப் போன பயணத்தில் யாரைச் சந்தித்தீர்கள்?

பெரம்பூர்க்காரி:
நான் படம் வரைகிறவள். போன மாசியில் சென்னையிலிருந்து ஸ்கூட்டரில் தனியாகக் கிளம்பினேன். காஞ்சிபுரம், அப்புறம் வந்தவாசி, செஞ்சி வழியாகப் பனைமலை. பல்லவர் கால ஓவியங்களை அங்கேயே உட்கார்ந்து வரைய வேண்டும் என்பது பல வருட ஆசை.

என் அப்பா அண்ணா சாலைத் தியேட்டர்களுக்கு பேனர் வரைந்தவர். சின்ன போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெரிய துணியில் பெருக்கி, முதலில் கோடு, அப்புறம்தான் வண்ணம். ஃபிளெக்ஸ் வந்ததும் தொழில் போய்விட்டது. ஓவியக் கல்லூரியில் படித்தபோது அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். அது இன்னமும் உறுத்துகிறது.

காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பிராகாரத்தைச் சுற்றி 58 சின்னச் சன்னதிகள். பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது. பிற்காலச் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் கிடந்த ஓவியங்கள் 1931இல்தான் வெளியே தெரிந்தன. ஒரு சன்னதியில் சோமாஸ்கந்தர், அதாவது சிவனும் உமையும், நடுவே குழந்தை முருகனும். வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது, காவிக் கோடு நிற்கிறது. தோளிலிருந்து கைக்கு இறங்கும் அந்த வளைவைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் கரித்துண்டுதான் ஞாபகம் வந்தது. அவரும் அப்படித்தான், கையை எடுக்காமல் இழுப்பார்.

பனைமலை ஏரிக்கரையை ஒட்டிய பாறைக்குன்று. மேலே தாளகிரீசுவரர் கோயில், அதுவும் ராஜசிம்மன் கட்டியதுதான். கதவைத் திறந்துவிட்ட பெரியவர், "எந்த ஊரும்மா?" என்றார். மெட்ராஸ் என்றேன். "அது சரி, சொந்த ஊரு?" தாத்தா காலத்திலேயே பெரம்பூருக்கு வந்துவிட்ட குடும்பம், எந்த ஊரைச் சொல்வது? "எங்கப்பா பேனர் ஆர்ட்டிஸ்ட் ஐயா" என்று வாயில் வந்தது. முதல்முறையாக யாரும் வற்புறுத்தாமல் சொன்னேன்.

அவர் சுவரைக் காட்டினார். சிவன் ஆடுவதைப் பார்த்தபடி உமை நிற்கிறாள், தலைக்கு மேல் குடை, ஒரு கால் மடங்கியிருக்கிறது. "ரொம்ப நேரம் நின்னா நாம சுவத்துல ஒரு காலை ஊனிக்குவோமே, அதே மாதிரி பாரும்மா" என்றார். எத்தனையோ புத்தகத்தில் பார்த்த படம், அந்தக் காலை இப்படிப் பார்த்ததே இல்லை. மூன்று மணி நேரம் வரைந்தேன். இறங்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது, எனக்கோ பாட்டு வந்தது.

கீழே வந்து அப்பாவுக்கு போன் போட்டேன். "கோடு கறுப்பா, காவியா?" என்றார். காவி என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "என்னையும் ஒருதரம் கூட்டிட்டுப் போ."

திருவான்மியூர் வாசி:
என் பயணம் அவ்வளவு தூரமில்லை. ஈஞ்சம்பாக்கம் வரை சைக்கிள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமம். ஓவியர்கள் மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்கள் விற்ற காசில் வாங்கிய நிலம் அது. அங்கே மரத்தடியில் ஒரு சிற்பி கல் கொத்திக்கொண்டிருந்தார். பேசவில்லை, உளியைத் தந்து ஒரு தட்டுத் தட்டச் சொன்னார். அந்த அதிர்வு மணிக்கட்டில் இருந்துகொண்டே வீடு வரை வந்தது. சகோதரி, அப்பாவை வெயிலுக்கு முன்னால் காலையிலேயே மலையேற்றிவிடுங்கள்.

பெரம்பூர்க்காரி:
சரிங்க. ஆடி கழிந்ததும் போகிறோம். அவர் இப்போதே கரித்துண்டு சேர்த்து வைக்கிறார்.