பாட்டி காலையில் மட்டும் பார்த்த பூ

மலேசியாவுல ரப்பர் தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுல, இருந்தப்ப பாட்டி வாசல் ஓரம் ஒரு பிஸ்கட் தகரத்துல பிரம்ம கமலம் வெச்சிருந்தாங்க. விடியக்காலம் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, போற வீடு, எட்டரைக்கெல்லாம் விளக்கை அணைச்சிருவோம். பூவோ பத்து மணி வாக்குலதான் முழுசா விரியும், விடியறதுக்குள்ள வதங்கிடும். அதனால பாட்டி பார்த்ததெல்லாம் உரிச்ச கோழிக் கழுத்து மாதிரி தொங்குற வாடல்தான். "பூக்கத் தெரியாத செடி"ன்னு கடைசிவரைக்கும் திட்டினாங்க.

லயத்தை விட்டு சுங்கை சிப்புட் டவுனுக்குக் குடி வந்தப்ப ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டு வந்தேன். இலை மாதிரி தட்டையா இருக்கே, அது தண்டுதான். வெட்டின வாயை ஒரு வாரம் நிழல்ல காயவிட்டுத்தான் நடணும். அவசரப்பட்டு நட்ட முதல் துண்டு அழுகிப் போச்சு.

ரெண்டாவதை ஹால்ல டிவி பக்கத்துல வெச்சேன். அஞ்சு வருஷம், ஒரு மொட்டு இல்ல. தண்டு மட்டும் கூரையைத் தேடிக்கிட்டுப் போச்சு. தப்பு என்னோடதுதான். செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) போடுற யூரியாவை மாசாமாசம் அள்ளிப் போட்டிருக்கேன்! தழைச்சத்து ஏறினா தண்டுதான் வளரும். உரத்தை நிறுத்தி, மண்ணைக் கொட்டிட்டு தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் கலந்து வெச்சு, காலை வெயில் விழுற ஜன்னலுக்கு நகர்த்தினேன். மெக்சிகோ பக்கத்துக் காட்டுல மரக்கிளையைப் பிடிச்சு வளர்ற கள்ளி இது. இருட்டும் ஆகாது, உச்சி வெயிலும் ஆகாது.

அடுத்த வருஷம் நாலு மொட்டு. முதல்ல தலை குனிஞ்சு தொங்கும். மலரப்போற நெருக்கத்துல காம்பு வளைஞ்சு மேல தூக்கும், மொட்டு உப்பிக்கிட்டு நிக்கும். அதைப் பார்த்துட்டா அன்னைக்கு ராத்திரி வேற வேலை வெச்சுக்காதீங்க. எட்டு மணிக்கு நுனி பிரிஞ்சது. பார்த்துக்கிட்டு இருக்கும்போதே ஒரு இதழ் வெடுக்குன்னு ஆடி விலகிச்சு. பத்தரைக்கு வாசனை அடுப்படி வரைக்கும். சின்ன வீட்டுல நாலு பூன்னா கொஞ்சம் தலைவலிதான், பொய் சொல்லல.

ஒன்பதுக்கே படுத்துட்ட அப்பாவை எழுப்பினேன். முப்பது வருஷம் ரப்பர் மரத்தைச் சீவி பால் எடுத்தவர். கைலியை இழுத்துக் கட்டிக்கிட்டு வந்து ரொம்ப நேரம் நின்னார். "இதையா நான் இருட்டுல தகரத்தோட எட்டி உதைச்சேன்?"

*

எனக்கு ஊர் தாப்பா, நானும் இதே பூ வளர்க்கிறேன். விருந்தாளிக்குக் காட்டணும்னு மொட்டோட சட்டியை வெளியிலேருந்து ஏசி ரூமுக்குத் தூக்கிட்டு வந்தேன். மூணே நாள், எல்லாம் உதிர்ந்துடுச்சு. இப்பல்லாம் மொட்டு விட்டா சட்டியைத் திருப்பக்கூட விடமாட்டேன்.

*

நானும் ஒண்ணு சொல்றேன், வாடின பூவைத் தூக்கிப் போடாதீங்க. பக்கத்து வீட்டு சீன ஆண்ட்டி வந்து கேட்டு வாங்கிட்டுப் போய் சூப் வைப்பாங்க. வெண்டைக்காய் மாதிரி வழவழன்னு இருக்கும், எனக்கு ரெண்டு கரண்டிக்கு மேல இறங்கல. அப்புறம், உத்தராகண்ட் மாநிலப் பூவா இருக்கிற இமயமலை பிரம்ம கமலம் வேற, அது சூரியகாந்திக் குடும்பம். இதை மாமியார்கிட்ட சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன். அவங்க இன்னும் நம்ம வீட்டுச் செடிக்குச் சூடம் காட்டிட்டுதான் இருக்காங்க.