அயர்லாந்துக் கிராம வீடுகளில் கோரை, விளார், வைக்கோல்: செய்முறை அறிந்தவர்கள் உண்டா?

கேள்வி:
வணக்கம். மேயோ மாவட்டத்தில், காசில்பார் அருகே டர்லோ பார்க்கில் உள்ள கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்துக்குச் சென்றிருந்தேன். வைக்கோற்புரியால் பின்னிய இருக்கைகள், விளார்க் கூடைகள், இடுக்கி போன்றதோர் இரும்புக் கருவி ஆகியவற்றைக் கண்டேன். கையில் காசு புழங்காத அக்காலத்தில் வெளிச்சத்துக்கும் சுமைக்கும் வேண்டியவற்றை வீட்டார் எவ்வாறு தாங்களே செய்துகொண்டார்கள் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அந்த இடுக்கி, கோரை விளக்கைப் பிடித்து நிறுத்துவதற்கானது. ஈரநிலத்துக் கோரையைக் கோடையின் பிற்பகுதியில் அறுத்து, நீரில் ஊறவைத்துத் தோலை உரிப்பார்கள். முழுவதும் உரித்தால் நெட்டி போன்ற உட்பகுதி ஒடிந்துவிடும் என்பதால், தாங்கலாக ஒரு மெல்லிய தோல் இழையை மட்டும் விட்டுவைப்பார்கள். காய்ந்தபின், படகு வடிவ இரும்புச் சட்டியில் உருக்கிய ஆட்டுக் கொழுப்பில் தோய்த்து ஆறவைப்பார்கள். இடுக்கியில் சாய்வாகப் பொருத்தி, எரிய எரிய மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் சிறு சுடரின் ஒளியில் கம்பளி நூற்ற பெண்களின் கண்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. பிப்ரவரி 1 அன்று வரும் புனித பிரிஜிட் திருநாளுக்கு முந்தைய மாலையில் சிலுவை பின்னுவதும் இதே கோரையில்தான். ஆனால் அதற்குக் கோரையை அறுக்காமல் கையால் பிடுங்குவதே மரபு.

மறுமொழி 2:
கூடையைப் பற்றி நான் சொல்கிறேன். முதுகில் சுமக்கும் கூடையைத் தலைகீழாகத்தான் பின்னுவார்கள். வில்லோ மரத்தின் விளார்களை, அதாவது வளையும் மெல்லிய கிளைகளைத் தரையில் செங்குத்தாக ஊன்றி, வாய்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிப் பின்னிக்கொண்டு போய், இறுதியில் விளார்களை வளைத்து அடிப்பகுதியை முடிப்பார்கள். கழுதையின் இருபுறமும் தொங்கவிடும் கூடைகளில் அடிப்பலகையைத் திறந்து, எருவை வயலில் அப்படியே கொட்டும் வகையும் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது ஆழமற்ற உருளைக்கிழங்குக் கூடை: வெந்த கிழங்கை அதில் கொட்டி நீரை வடித்து, அதையே பானையின் மேல் வைத்துக் குடும்பமே சுற்றி அமர்ந்து உண்ணும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வைக்கோற்புரியை எவ்வாறு திரித்தார்கள்? இவற்றையெல்லாம் அக்காலத்தில் யாரேனும் எழுதி வைத்தார்களா?

மறுமொழி 3:
எழுதி வைத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளே. 1937 முதல் 1939 வரை, ஐரிஷ் நாட்டாரியல் ஆணையத்தின் முயற்சியில், ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் மாணவர்கள் தத்தம் ஊர் முதியோரிடம் கேட்டு எழுதினார்கள். அதில் பழைய கைத்தொழில்களும் உண்டு. புரி திரிக்க இருவர் வேண்டும். ஒருவர் வைக்கோல் குவியலருகே அமர்ந்து சிறிது சிறிதாகக் கொடுக்க, மற்றவர் கொக்கியைச் சுழற்றியபடி பின்னோக்கி நடப்பார். புரி நீள நீள, அவர் கதவைக் கடந்து முற்றத்துக்கே போய்விடுவார்.