விகிதத்தை வைத்தே நிகழ்தகவு கண்டுவிடலாமா?

கேள்வி:
ஒரு பையில் சிவப்பு, நீலப் பந்துகள் 3 : 5 விகிதத்தில் உள்ளன. மேலும் 6 சிவப்புப் பந்துகளைப் போட்டதும் விகிதம் 9 : 10 ஆகிறது. இப்போது திருப்பி வைக்காமல் அடுத்தடுத்து இரண்டு பந்துகள் எடுத்தால், இரண்டும் நீலமாக இருக்க நிகழ்தகவு என்ன?

9 : 10 என்பதால் மொத்தம் 19, நீலம் 10 என்று வைத்து 10/19 × 9/18 = 5/19 என்று போட்டேன். விடைப்பகுதியில் 10/37 என்று இருக்கிறது. அச்சுப்பிழையா, எங்காவது இடிக்கிறதா?

பதில் 1:
10/37 தான் சரி. உங்கள் முதல் பின்னத்தில் குறையில்லை, இரண்டாவதில்தான் சிக்கல். 9 : 10 என்பது பங்குகள், பந்துகள் அல்ல. கையில் எடுத்தது ஒரு பந்து. கணக்கில் நீங்கள் கழித்தது ஒரு முழுப் பங்கு.

முதலில் எண்ணிக்கையைக் கண்டுபிடியுங்கள். தொடக்கத்தில் 3ப, 5ப என்று வைத்தால் (3ப + 6) / 5ப = 9/10. குறுக்கே பெருக்க, 30ப + 60 = 45ப. ஆக ப = 4. சிவப்பு 12, நீலம் 20. ஆறு சேர்ந்ததும் சிவப்பு 18, மொத்தம் 38. 18 : 20 சுருங்கி 9 : 10 ஆகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள்.

பிறகு 20/38 × 19/37. பெருக்குவதற்கு முன்பே 19-ஐ 38-உடன் அடித்துவிட்டால் 20/(2 × 37) = 10/37.

பதில் 2:
சமன்பாடே இல்லாமலும் போடலாம். நீலம் மாறவே இல்லை, எனவே இரு விகிதத்திலும் நீலத்தை ஒன்றாக்குங்கள். 3 : 5 என்பது 6 : 10. அது 9 : 10 ஆக, சிவப்பில் 3 பங்கு கூடியிருக்கிறது. 3 பங்கு = 6 பந்து, ஒரு பங்கு = 2 பந்து. நீலம் 20, வேலை முடிந்தது.

பலர் சறுக்கும் இடம் வேறொன்று: புதிய விகிதத்துக்கும் அதே ‘ப’வைப் போட்டு 3ப + 6 = 9ப என்று எழுதுவது. ப = 1 என்று வரும்; அப்போது நீலம் 5ப-வின்படி 5, 10ப-வின்படி 10. முரண் அங்கேயே தெரிந்துவிடும்.

உங்கள் பிழையோ அப்படிக் கண்ணில் படாது. 5/19 ஏறத்தாழ 0.263, 10/37 ஏறத்தாழ 0.270. ஒரே ஒரு பந்து எடுத்தாலோ, ஒவ்வொரு முறையும் திருப்பி வைத்தாலோ விகிதமே போதும்: இரண்டும் நீலம் என்பதற்கு 10/19 × 10/19 = 100/361. திருப்பி வைக்காவிட்டால் எண்ணிக்கை கட்டாயம் வேண்டும்.

கேட்டவர்:
புரிந்தது, நன்றி. நிறத்துக்கு ஒன்றாக வரவேண்டும் என்றால் 18/38 × 20/37 போதுமா?

பதில் 1:
அது சிவப்பு முதலில், நீலம் அடுத்து வருவதற்கு மட்டும். நீலம் முந்தியும் வரலாம், அதனால் இரண்டால் பெருக்கினால் 360/703. இரண்டும் சிவப்பு 153/703, இரண்டும் நீலம் 190/703 (அதாவது 10/37). மூன்றையும் கூட்டினால் சரியாக 703/703.