முகாம் மலையகத் தமிழருக்கு 'இந்திய வம்சாவளி' என்ற பெயர் வேண்டுமா?

கொளத்தூர்க்காரன்:
தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருக்கும் மலையகத் தமிழரை, அதாவது இங்கிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தவரை, 'இந்திய வம்சாவளி' என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். இலங்கையின் 1911 கணக்கெடுப்பு 'இந்தியத் தமிழர்' என்று அவர்களைத் தனியே பிரித்தது. அந்நாட்டின் 1948 குடியுரிமைச் சட்டம் அங்கேயே பிறந்தவரிடமும் அப்பா இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. இல்லையென்றால் தாத்தா, கொள்ளுத்தாத்தா இருவருக்கும். தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எத்தனை பேரிடம் அந்தக் காகிதம் இருந்திருக்கும்? 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. அந்தப் பெயரால் பட்டது போதும்.

தமிழினி, அடையாறு:
வரலாறு சரி, முடிவு தவறு தோழர். அந்தப் பெயரை விட்டால் இங்கே அவர்கள் வெறும் 'இலங்கை அகதி'. இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை கிடையாது. அதே ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இவர்கள் குடியுரிமை மனுவைப் பரிசீலிக்கச் சொன்னபோது வம்சாவளிதான் கைகொடுத்தது.

கொளத்தூர்க்காரன்:
பரிசீலிக்கச் சொன்னால் குடியுரிமை வந்துவிடுமா? இந்தியாவின் 1955 குடியுரிமைச் சட்டத்தில், வம்சாவளியினருக்குப் பதிவு மூலம் குடியுரிமை தரும் 5ஆம் பிரிவைப் பாருங்கள். மனுதாரரோ, அப்பா அம்மாவில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். தாத்தா பிறந்தது துறையூர், அப்பா பிறந்தது இலங்கை ஹட்டன் என்றால் கணக்கில் வராது. வந்தாலும், பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அந்தப் பிரிவில் மனுவே போட முடியாது.

எழும்பூர் வக்கீல்:
பிறப்புச் சான்றிதழை இருவருமே தொடவில்லை. இலங்கைப் பிறப்புச் சான்றில் பெற்றோரின் இனத்துக்கென்று ஒரு கட்டம் இருக்கும். மலையகத்தில் பலர் அதில் 'இலங்கைத் தமிழர்' என்றே பதிந்திருக்கிறார்கள். இங்கே வம்சாவளி என்று வாதாடப் போனால் அந்தக் கட்டமே எதிராக நிற்கும். அதனால் முதலில் பிறந்த இடத்தையும் தேதியையும் பாருங்கள். 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் அதே 1955 சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்தவர் வம்சாவளியை நிரூபிக்கத் தேவையே இல்லை. இங்கத்திய பிறப்புச் சான்றை வைத்து பாஸ்போர்ட் கேட்கலாம்.

தமிழினி, அடையாறு:
சரி சார், அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்? பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே மாறிவிட்டதே. அவர்களுக்காகத்தான் பெயரை விடாதீர்கள் என்கிறேன். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ கார்டுக்குக் கொள்ளுப்பேரன் வரை 2015இல் நீட்டினார்கள். 5ஆம் பிரிவைத் தாத்தா பாட்டி வரையாவது நீட்டக் கூடாதா?

கொளத்தூர்க்காரன்:
தாராளமாக நீட்டட்டும். 'சட்டவிரோதக் குடியேறி' வரையறையில் இவர்களுக்கு விலக்கு வராதவரை எந்தத் தலைமுறைக்கு நீட்டினாலும் மனு தள்ளுபடிதான். முதலில் அதைக் கேளுங்கள்.