பழைய ஜிபிஎஸ் கருவி: சாஃப்ட்வேர், மேப் இரண்டையும் அப்டேட் செய்வதா, விட்டுவிடுவதா?

பாதைப்பயணி:

வணக்கம். காரின் முன்கண்ணாடியில் ஒட்டும் 5 அங்குல ஜிபிஎஸ் கருவி. உள்நினைவகம் 4 ஜிபி, மைக்ரோ எஸ்டி கார்டு செருக இடம் உண்டு. உள்ளே இருப்பது 2014 மேப். கணினியில் இணைத்தால் இரண்டு அப்டேட் காத்திருக்கிறது என்கிறது: சாஃப்ட்வேர் இலவசம், மேப்புக்குக் காசு.

இடத்தைப் பிசகாமல் காட்டுகிறது. தேதி மட்டும் ஏறக்குறைய 20 வருடம் பின்னால் நிற்கிறது. கிழமையும் மணியும் சரி. திரையின் இரவு-பகல் நிறம் நேரங்கெட்ட நேரத்தில் மாறுகிறது. புதிய புறவழிச்சாலைகளில் போனால் கார் வயலில் ஓடுவதாகக் காட்டுகிறது.

இரண்டையும் செய்யணுமா, ஒன்று போதுமா? எதை முதலில் செய்வது? கருவி செத்துப்போகும் அபாயம் எவ்வளவு?

திசைமானி:

முதலில் இரண்டையும் பிரித்துப் பாருங்க. சாஃப்ட்வேர் ஒரு முடிவு, மேப் இன்னொரு முடிவு. கணினி நிரல் இரண்டுக்கும் ஒரே பொத்தானைக் காட்டுவதால்தான் இந்தக் குழப்பம்.

உங்களுக்குச் சாஃப்ட்வேர் அவசியம். தேதி தப்பு, கிழமை சரி என்று எழுதியிருக்கீங்களே, காரணம் அதிலேயே தெரிந்துவிட்டது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தேதியை நாள், மாதம், வருடமாக அனுப்புவதில்லை. 1980 ஜனவரி 6இல் இருந்து எத்தனையாவது வாரம், அந்த வாரத்தில் எத்தனையாவது விநாடி என்றுதான் சொல்கிறது. பழைய சமிக்ஞையில் வார எண்ணுக்கு 10 பிட்தான் இடம். 1023 வந்ததும் அடுத்து மறுபடி 0. முதல் சுற்று 1999 ஆகஸ்ட் 21 இரவும் இரண்டாவது 2019 ஏப்ரல் 6 இரவும் முடிந்தன. மூன்றாவது 2038 நவம்பர் 20இல் முடியும். இப்போது எத்தனையாவது சுற்று என்பதைக் கருவியின் சாஃப்ட்வேர்தான் ஊகிக்கணும். பல கருவிகளில் சாஃப்ட்வேர் தயாரான நாளில் இருந்து 1024 வாரம் வரை செல்லும்படி எழுதியிருப்பார்கள். அதனால் 2019ஐ நல்லபடியாகக் கடந்த கருவிகூட அப்புறம் ஏதோ ஒரு நாள் பின்னோக்கிக் குதிக்கும்.

1024 என்பது முழு வாரக் கணக்கு, ஆகவே கிழமை மாறாது. ஆனால் மொத்தம் 7168 நாள், அதாவது 19 வருடம் ஏழரை மாதம். நிறம் கெடுவது அந்த ஏழரை மாதத்தால்தான். ஜூன் கடைசியில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது கருவி நவம்பர் மாதத்துச் சூரிய அஸ்தமனத்தைக் கணக்குப் போடும். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கும் நாடாக இருந்தால் போய்ச்சேரும் நேரத்திலும் அந்த ஒரு மணி பிசகலாம். இடத்தைக் கணக்கிட வாரத்துக்குள் இருக்கும் விநாடியே போதும் என்பதால் அது தப்பித்துக்கொள்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை: சாஃப்ட்வேரில் என்ன மாறியது என்று சொல்லும் வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்க. தேதித் திருத்தம் அதில் இருக்கணும். தேதி சரியாக ஓடும் கருவியில், நீங்கள் தொடவே தொடாத புளூடூத்துக்கான திருத்தம் மட்டும் வந்திருந்தால் நான் விட்டுவிடுவேன். ஏற்றிய பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப, பெரும்பாலும் அதிகாரபூர்வ வழி கிடையாது. துல்லியம் கூடும் என்றும் எதிர்பார்க்காதீங்க. செயற்கைக்கோளின் பழைய எல்1 அலைவரிசை மட்டும் வாங்கும் சிப், எந்த சாஃப்ட்வேரிலும் புதிய எல்5 அலைவரிசையை வாங்காது.

வரைபடக்காரன்:

மேப் விஷயத்தில் காசு கட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. கருவி தப்பாக வழி சொன்ன இடங்களை ஐந்தாறு எழுதிக்கொள்ளுங்க: புது புறவழிச்சாலை, ஒருவழியாக மாறிய தெரு, மூடிய பாலம். கார்மின் கருவிகளின் சாலைத் தரவு பெரும்பாலும் ஹியர் நிறுவனத்தினுடையது. டாம்டாமுக்குச் சொந்தத் தரவு. இரண்டு நிறுவனமும் தங்கள் மேப்பை இணையத்தில் இலவசமாகக் காட்டுகின்றன. அந்த ஐந்தாறு இடங்களையும் அங்கே தேடுங்க.

இணைய மேப்பிலேயே அந்தச் சாலை இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கும் மேப்பிலும் இருக்காது. இருந்தாலோ, இருக்க வாய்ப்பு உண்டு என்று மட்டும்தான் சொல்லலாம். தரவை ஒரு தேதியில் நிறுத்தி, கருவிக்கேற்ற வடிவத்தில் தொகுத்து வெளியிட மாதக்கணக்கில் ஆகும். “2025 மேப்” என்ற பெயரை வைத்து எல்லாச் சாலையையும் அந்த வருடம் போய்ப் பார்த்தார்கள் என்று நினைக்க வேண்டாம். நகரமும் நெடுஞ்சாலையும் அடிக்கடி திருத்தப்படும், உள்பகுதிச் சாலைகள் பல பதிப்புகளுக்கு அப்படியே கிடக்கும்.

2014 மேப் என்கிறபோது, நெடுஞ்சாலைப் பயணம் அதிகம் என்றால் வாங்குவது நியாயம்தான். தெரிந்த ஊருக்குள் முகவரி தேட மட்டும் என்றால் வேண்டாம். ஒரே ஒரு தடவை அப்டேட் தரும் மேப், தொடர்ந்து அப்டேட் தரும் “வாழ்நாள்” மேப் என்று இரண்டும் விற்பனையில் இருந்தால், எதை வாங்குமுன்னும் கருவிக்கு இன்னும் எத்தனை நாள் ஆதரவு என்று பாருங்க. “வாழ்நாள்” என்பது கருவியின் பயன் ஆயுள்தான், உங்கள் ஆயுள் அல்ல. டாம்டாம் 2018இல் பல பழைய மாடல்களுக்கு மேப் அப்டேட்டை நிறுத்தியது இந்த விளக்கத்தின்படிதான்.

வடமும்_கார்டும்:

வரிசை: முதலில் சாஃப்ட்வேர், அப்புறம் மேப். புது மேப்பின் கோப்பு வடிவம் பழைய சாஃப்ட்வேருக்குப் புரியாமல் போகலாம், தலைகீழாகச் செய்தால் திரை வெறுமையாக நிற்கும்.

கருவி சாவது பெரும்பாலும் நடுவில் இணைப்பு அறுவதால்தான். காரில் சார்ஜ் ஏற்ற வந்த வடத்தைப் பயன்படுத்தாதீங்க, அதில் தரவு போகாது. தரவு வடத்தைக் கணினியின் யூஎஸ்பி துளையில் நேராகச் செருகுங்க, ஹப் வேண்டாம். சரியாக இணைந்தால் கருவியின் திரையில் கணினிப் படம் வரும். வெறும் பேட்டரிப் படம் வந்தால் வடம் சரியில்லை. கணினியின் உறக்க நிலையை அணைத்துவிட்டு, கருவியின் பேட்டரியை முழுசாக ஏற்றிவிட்டு ஆரம்பியுங்க. முடியும் தறுவாயில் கருவி தானாகவே அணைந்து எழும், சில நேரம் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. அப்போது பயந்து வடத்தைப் பிடுங்குகிறவர்கள்தான் அதிகம்.

அதற்கு முன் முழு நகல். மறைந்த கோப்புகளையும் காட்டச் சொல்லி, கருவியின் டிரைவை அப்படியே கணினியில் ஒரு ஃபோல்டரில் எடுத்து வையுங்க. கார்மின் என்றால் மேப் ஜிமேப்ப்ராம்.ஐஎம்ஜி, அதன் பூட்டுச்சாவி ஜிமேப்ப்ராம்.யூஎன்எல், சேமித்த இடங்கள் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில் கரண்ட்.ஜிபிஎக்ஸ். மேப்பை மட்டும் நகலெடுத்துச் சாவிக் கோப்பை விட்டால், திரும்ப வைக்கும்போது மேப்பைத் திறக்க முடியவில்லை என்ற செய்திதான் வரும்.

பாதைப்பயணி:

எல்லோருக்கும் நன்றி. ஹியர் தளத்தில் பார்த்தேன், இரண்டு புறவழிச்சாலையும் இருக்கின்றன. ஆனால் உள்நினைவகத்தில் காலி இடம் குறைவு, புது மேப்புக்குப் பத்தாது. வேண்டாத குரல் கோப்புகளை மேக் கணினியில் அழித்தும் இடம் கூடவே இல்லை. கையில் ஒரு 64 ஜிபி கார்டு இருக்கிறது, அதில் போடலாமா? தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை இலவசமாக ஏற்றலாம் என்கிறார்களே, அது உதவுமா?

வரைபடக்காரன்:

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை முதலில் முயன்று பாருங்க என்றே சொல்வேன், செலவில்லை. கார்மின் வடிவத்தில் தொகுத்தது ஜிமேப்சப்.ஐஎம்ஜி என்ற ஒரே கோப்பாகக் கிடைக்கும். கார்டில் கார்மின் என்று ஃபோல்டர் உண்டாக்கி அதற்குள் போடுங்க. பிறகு அமைப்புகளில் மேப் பட்டியலைத் திறந்து புதியதற்கு டிக் போட்டு, பழையதன் டிக்கை எடுங்க. இரண்டும் விழித்திருந்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும், வழி எந்த மேப்பிலிருந்து வருகிறது என்றே தெரியாது. பழைய மாடல்கள் அந்தப் பெயரில் ஒரு கோப்பை மட்டுமே படிக்கும்.

குறை என்றால் வீட்டு எண் தேடல். ஓட்டை அதிகம். சந்திப்பு வருமுன் காட்டும் படமும் வராது. சாலை மட்டும் போதும் என்பவருக்கு இது தாராளம். டாம்டாமில் இந்த வழி இல்லை.

வடமும்_கார்டும்:

64 ஜிபி கார்டைப் பழைய கருவி அப்படியே படிக்காது. கடையில் வரும்போதே எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பு முறையில் இருக்கும், கருவிக்குத் தெரிந்தது ஃபேட்32 என்ற பழைய முறை. 32 ஜிபி அல்லது அதற்குக் கீழ் ஒன்று எடுங்க. ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது, ஆகவே கண்டம் முழுவதையும் ஒரே கோப்பாகக் கொண்ட மேப்பைத் தேர்ந்தெடுக்காதீங்க. கட்டண மேப் என்றாலும் நிறுவும்போது முழு மேப்பைக் கார்டில் போடவோ, வேண்டிய பகுதியை மட்டும் உள்நினைவகத்தில் வைக்கவோ கேட்கும். உங்கள் கருவிக்குப் பகுதி மேப்தான் நல்லது. பெரிய மேப்பில் பழைய ப்ராசஸர் வழியைக் கணக்கிட்டு முடிப்பதற்குள் திருப்பம் போய்விடும்.

இடம் கூடாததற்குக் காரணம் மேக்தான். அழித்த கோப்பு கருவியிலேயே .டிராஷஸ் என்ற மறைந்த ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். கருவி இணைந்திருக்கும்போதே குப்பைத்தொட்டியைக் காலி செய்யுங்க, பிறகு வெளியேற்றிவிட்டு வடத்தைக் கழற்றுங்க. மறுபடி இணைத்துக் காலி இடத்தைப் பார்த்துவிட்டு மேப்பை ஆரம்பிக்கலாம்.