ஓவர்கிளாக் செய்து பட்ட பாடு

ஓவர்கிளாக் என்றால் பிராசசரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2011-இல் வந்த ஐ5-2500கே பிராசசரை நான் பல வருடம் வைத்திருந்தேன். அதன் வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.7. மல்டிப்ளையர் (அடிப்படை வேகத்தைப் பெருக்கும் எண்) பூட்டப்படாத சிப் என்பதால் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) போய் 45 என்று மாற்றினால் போதும், 100 மெகாஹெர்ட்ஸ் பேஸ் கிளாக்கோடு பெருக்கி 4.5 வந்துவிடும். பேஸ் கிளாக்கில் மட்டும் கை வைக்கவில்லை. அந்தத் தலைமுறையில் பிசிஐஇ, சாட்டா என்ற கார்டு, டிஸ்க் இணைப்புகள் எல்லாம் அதையே நம்பி ஓடுகின்றன. கொஞ்சம் ஏற்றினாலே டிஸ்க் தகராறு செய்யும்.

1.28 வோல்ட் கொடுத்து, பிராசசரை வதைத்துச் சோதிக்கும் பிரைம்95-ஐ ஒரு மணி நேரம் ஓட்டினேன். சூடு 72 டிகிரியைத் தாண்டவில்லை, பிழையும் இல்லை. வேலை முடிந்தது என்று கேபினட்டை மூடிவிட்டேன்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் பழைய படங்களை எல்லாம் ஒரே ஜிப்பாகக் கட்டி வேறு டிஸ்கில் வைத்தேன். பிரித்துப் பார்த்தால் ஒரு ஃபைலில் சிஆர்சி பிழை, அதாவது உள்ளே தரவு மாறியிருக்கிறது. டிஸ்க்தான் போய்விட்டது என்று நினைத்து மறுபடி கட்டினேன். இந்த முறை வேறொரு ஃபைலில் பிழை. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. டிஸ்க்கில் கோளாறு என்றால் ஒரே இடத்தில்தான் அடிக்கடி இடறும், இப்படி இடம் மாறி மாறி வராது. அந்த மூன்று வாரத்தில் நான் திருத்திச் சேமித்த படங்களைத் திறந்து பார்த்தேன். இரண்டு படங்களில் மேல் பாதி சரியாக இருக்கிறது, கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். ஒரு தடவைகூட நீலத்திரை வரவில்லை, ஹேங் ஆகவில்லை. கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

மல்டிப்ளையரை 43-க்கு இறக்கி, வோல்டேஜை 1.30 ஆக்கி, பிரைம்95-ஐ ராத்திரி முழுக்க ஓட்டிய பிறகு அதே ஃபோல்டரை ஐந்து முறை கட்டிப் பிரித்தேன். ஐந்தும் சுத்தம். மூலப்படங்கள் கேமரா கார்டில் இருந்ததால் தப்பித்தேன்.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

* * *

எனக்கு நேர் எதிர். ரைசன் 5 5600எக்ஸ். வேகத்தை ஏற்றாமல், கோருக்குக் கோர் வோல்டேஜை ஏற்றி இறக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோருக்கும் மைனஸ் 30 போட்டேன். வோல்டேஜ் குறையும், சூடு குறையும், அதனால் தானாக ஏறும் பூஸ்ட் வேகம் கொஞ்சம் கூடும் என்ற கணக்கு. எட்டு மணி நேரம் முழு லோடில் ஓட்டியும் அசையவில்லை. ஆனால் சும்மா எதையாவது படித்துக்கொண்டிருக்கும்போது பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும்! எடிட்டிங் செய்யும்போது ஆகாது, ரெண்டர் ஓடும்போது ஆகாது. டீ குடிக்க எழுந்து போய்த் திரும்பினால் லாகின் திரை நிற்கும்.

காரணம் புரிய ஒரு வாரம் ஆனது. ஆறு கோரும் சேர்ந்து உழைக்கும்போது எதுவும் உச்ச வேகத்துக்குப் போவதில்லை. லேசான வேலை வந்தால்தான் ஒற்றை கோர் 4.6 வரை தாவுகிறது. அந்தத் தாவலில்தான் அதற்கு வோல்டேஜ் போதவில்லை. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வியா லாகர் (வன்பொருள் பிழைப் பதிவு), எண் 18 என்று பதிவாகியிருந்தது. திறந்து பார்த்தால் அபிக் ஐடி (திரெட்டின் எண்) 4. ஒரு கோருக்கு இரண்டு திரெட் என்பதால், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 2-ஆம் கோர். ஒவ்வொரு தடவையும் அதே கோர்தான். அதை மட்டும் மைனஸ் 10 ஆக்கினேன், மற்றவை மைனஸ் 20. கோர்சைக்ளர் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் வதைக்கும். அதை இரண்டு ராத்திரி ஓட்டிய பிறகு இன்றுவரை ரீஸ்டார்ட் இல்லை.

* * *

ரேமை அதன் உயர்வேக அமைப்பில் ஓட்டும் எக்ஸ்எம்பி போடுவதும் ஓவர்கிளாக்தான் என்பதை யாரும் சொல்லவில்லையே? நான் பிராசசர் வேகத்தையும் எக்ஸ்எம்பியையும் ஒரே சாயங்காலத்தில் மாற்றிவிட்டு, பிராசசரை மாதக்கணக்கில் திட்டினேன். குற்றவாளி ரேம். மெம்டெஸ்ட்86 இரண்டாவது சுற்றிலேயே சிவப்பாகக் காட்டிக்கொடுத்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

* * *

நான் பழைய ஆள். கியூ6600 பிராசசர் காலத்தில் மல்டிப்ளையர் 9-க்கு மேல் போகாது, எஃப்எஸ்பியை (அன்றைய பேஸ் கிளாக்) 266-இலிருந்து 333 ஆக்கி 2.4-ஐ 3.0 ஆக்குவோம். கூடவே ரேம் வேகமும் ஏறிவிடும். அதைக் கவனிக்காமல் சேவ் செய்தால் திரை கறுப்பு. பவரைப் பிடுங்கி, போர்டு பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் காத்திருந்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பேட்டரியைக் கழற்றிக் கழற்றியே என் நகம் உடைந்த நாட்கள் உண்டு.

இப்போது புதிதாகச் செய்பவர்கள் வேகத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது வோல்டேஜுக்கு. மின்சாரச் செலவு வேகத்துக்கு நேர்விகிதம், வோல்டேஜின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம். 4.2-இலிருந்து 4.7 போவது 12 சதவீதம் வேகம். அதற்காக 1.20 வோல்டை 1.35 ஆக்கினால், வேகத்தோடு சேர்த்து சுமார் 42 சதவீதம் கூடுதல் வாட். அத்தனையும் சூடாக வெளியேற வேண்டும். கடைசி 200 மெகாஹெர்ட்ஸ் எப்போதுமே தண்டம் என்பது என் கட்சி.

இன்னொன்று, லோட் லைன் காலிபரேஷன், லோடில் வோல்டேஜ் இறங்காமல் பிடிக்கும் அமைப்பு. பயாஸில் 1.35 என்று வைப்பீர்கள், லோட் ஏறியதும் 1.29-க்கு இறங்கும். அதைப் பார்த்துக் கடுப்பாகி நானும் காலிபரேஷனை உச்சத்தில் வைத்தேன். லோடில் எண் அசையாமல் நின்றது, மனதுக்குக் குளிர்ச்சி. ஆனால் லோட் சட்டென்று விடும் நொடியில் வோல்டேஜ் நீங்கள் வைத்ததற்கும் மேலே துள்ளும். சாஃப்ட்வேர் கண்ணில் அது படவே படாது, ஆசிலோஸ்கோப் வேண்டும். கொஞ்சம் இறங்குவது வடிவமைப்பிலேயே இருப்பது. நடுநிலையில் விட்டுவிடுங்கள்.

முதலில் எழுதியவருக்கு: படங்கள் கெட்டதில் ஆச்சரியமே இல்லை. பிரைம்95-இல் ரவுண்டிங் பிழை என்று ஒரு வொர்க்கர் (சோதனைக் கணக்கைப் போடும் ஒரு பகுதி) நிற்கிறதே, அது இதே தப்புதான். அங்கே விடையைச் சரிபார்க்க ஆள் இருக்கிறது, உங்கள் ஜேபெக் ஃபைலுக்கு இல்லை. ஒரு மணி நேரத்தில் அது உங்கள் கண்ணில் படாமல் போனது, அவ்வளவுதான்.

* * *

முதலில் எழுதியவன்தான். இதையெல்லாம் படித்ததும் அந்தப் பழைய மெஷின் ஞாபகம் வந்தது. இப்போது தம்பியிடம் இருக்கிறது. ஃபேன் கரகர என்று சத்தம் போடுகிறது என்று அவன் வேறு சொல்லிக்கொண்டிருந்தான், போய்த் திறந்தேன்.

பயாஸ் எண்களை ஒரு சீட்டில் எழுதி கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். 43, 1.30, ரேம் 1600 என்று என் கையெழுத்தில். டேப் காய்ந்து, சீட்டு கழன்று விழுந்து, முன்ஃபேனில் சிக்கி ஓரமெல்லாம் பிய்ந்து கிடந்தது. சத்தம் அதுதான். எடுத்து நிமிர்த்தி, எதற்கும் இருக்கட்டும் என்று பயாஸில் எண்களை ஒப்பிடப் போனேன். தேதி 2011 ஜனவரி 1 என்று காட்டியது. போர்டு பேட்டரி செத்து, எல்லாம் கம்பெனி அமைப்புக்குப் போயிருக்கிறது. 3.3, டர்போ 3.7.

எப்போதிலிருந்து என்று தம்பியைக் கேட்டேன். "கடிகாரம் தப்பாகக் காட்டி ஒரு வருஷம் இருக்கும் அண்ணா" என்றான். வேகம் குறைந்த மாதிரி இருந்ததா என்று கேட்டதற்கு, "எந்த வேகம்?" என்றான்.